பைக்கை எந்த மாநிலத்துல வாங்கலாம்னு கேக்காதீங்க

"பாண்டில எடுத்தா பத்தாயிரம் கம்மி ப்ரோ." "பெங்களூர்ல ஷோரூம் விலை குறைவாம், அங்க புக் பண்ணிட்டு ஓட்டிட்டு வந்துடலாமா?" முதல் வேலை, முதல் அப்ரைசல், முதல் பைக் என்ற வரிசையில் இருக்கிற எல்லார்கிட்டயும் இந்த ரெண்டு கேள்வியில் ஒன்றாவது இருக்கும். சேனலிலும் திரும்பத் திரும்ப வருகிற கேள்வி இதுதான். 4 நிமிஷ வீடியோவில் இதை முழுசா சொல்ல முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். பைக்கை எந்த மாநிலத்தில் வாங்குறீங்க என்பது உங்க வரியைத் தீர்மானிக்காது. எந்த மாநிலத்தில் வெச்சு ஓட்டப்போறீங்க என்பதுதான் தீர்மானிக்கும். இது புரியாம எல்லை தாண்டிப் போய் வாங்குறவங்க முக்கால்வாசிப் பேருக்கு மிச்சமாவது அலைச்சல்தான்.

நாம "டாக்ஸ்"னு ஒரே வார்த்தையில் சொல்றது உண்மையில் ரெண்டு தனித்தனி வரி. ஒண்ணு பொருளை விற்கும்போது வர்ற ஜிஎஸ்டி. இன்னொண்ணு வண்டியைப் பதிவு பண்ணும்போது மாநில அரசு வாங்குற சாலை வரி, அதாவது வாழ்நாள் வரி. முதல் வரி நாடு முழுக்க ஒண்ணு. ரெண்டாவது மாநிலத்துக்கு மாநிலம் வேற. பில்லில் ரெண்டும் அடுத்தடுத்து நிற்பதால் ஒண்ணோட குணத்தை இன்னொண்ணுக்கு ஏத்திச் சொல்லிடுறோம்.

ஜிஎஸ்டியை சீக்கிரம் முடிச்சிடலாம். 2025 செப்டம்பர் 22-லிருந்து 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு 18 சதவீதம். அதுக்கு முன்னாடி 28 இருந்தது. 350 சிசிக்கு மேல் போனா 40 சதவீதம். முன்னாடி 28-உம் 3 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 31 இருந்தது, அது ஏறிவிட்டது. சென்னையில் வாங்கினாலும் சண்டிகரில் வாங்கினாலும் இதே சதவீதம்தான். 2 லட்சம் ஷோரூம் விலை உள்ள 350 சிசி பைக்கில் கிட்டத்தட்ட 30,500 ரூபாய் ஜிஎஸ்டியாக உள்ளேயே உட்கார்ந்திருக்கு. எந்த ஊர் ஷோரூமுக்குப் போனாலும் அது குறையாது.

"ஃபேக்டரி பக்கத்துல வாங்கினா கம்மியா இருக்குமே?" என்று கேக்குறவங்க உண்டு. ராயல் என்ஃபீல்டு ஒரகடத்தில் தயாராகுது, டிவிஎஸ் ஓசூரில் தயாராகுது. அதுக்காக ஒரகடம்காரருக்கு வரியில் ஒரு ரூபாய் சலுகை கிடையாது. ஜிஎஸ்டி என்பது பொருள் தயாராகும் இடத்துக்கான வரி அல்ல, அது போய்ச் சேரும் இடத்துக்கான வரி. லாரி வாடகை, டீலர் தள்ளுபடி மாதிரி காரணங்களால் ஷோரூம் விலை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறலாம். அது வியாபாரம், வரி இல்லை.

பெங்களூரு ஷோரூமில் உங்க சேலம் முகவரியைக் கொடுத்து பில் போட்டா என்ன ஆகும்? 2023 அக்டோபரிலிருந்து இதுக்குத் தெளிவான விதி இருக்கு. ஜிஎஸ்டி பதிவு இல்லாத நம்ம மாதிரி ஆளுக்கு விற்கும்போது, பில்லில் எழுதின முகவரி எந்த மாநிலமோ அந்த மாநிலத்தில் விற்றதாகக் கணக்கு. சேலம் முகவரி இருந்தா 18 சதவீத ஐஜிஎஸ்டி. பெங்களூரு முகவரி இருந்தா 9 மத்திய ஜிஎஸ்டி, 9 மாநில ஜிஎஸ்டி. நீங்க கட்டுற தொகை ஒண்ணுதான். பணம் எந்த அரசின் கணக்குக்குப் போகுது என்பது மட்டும் மாறும், அதை அவங்களே பின்னாடி பேசித் தீர்த்துக்குவாங்க. இந்தக் கடைசி வரியை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி இதுக்குத் திரும்ப வரணும்.

இது எப்பவும் இப்படி இருந்ததில்லை. 2017 ஜூலை 1-க்கு முன்னாடி ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி வாட் இருந்தது. அப்போ பக்கத்து மாநிலத்தில் விற்பனை வரி குறைவுன்னா அங்கே போய் வாங்கத் தோணும்தானே? அதைத் தடுக்கத்தான் தமிழ்நாட்டில் 1990-ல் வாகன நுழைவு வரிச் சட்டம் கொண்டுவந்தாங்க. வெளிமாநிலத்தில் நீங்க கட்டின விற்பனை வரியைக் கழிச்சிட்டு, மிச்ச வித்தியாசத்தை இங்கே கட்டணும். நடிகர் விஜய் 2012-ல் இறக்குமதி செய்த ரோல்ஸ்ராய்ஸ் காருக்கான வழக்கு 2021-ல் பரபரப்பாச்சே, அது இந்த நுழைவு வரி பற்றியதுதான். ஜிஎஸ்டி வந்ததும் அந்தக் கதை முடிஞ்சது. ஆனா "வெளிமாநிலத்துல வாங்கினா வரி கம்மி" என்ற பேச்சு மட்டும் இன்னும் டீக்கடையிலயும் ஆபீஸ் கேன்டீன்லயும் ஓடிட்டு இருக்கு.

இப்போ நிஜமான செலவுக்கு வருவோம். சாலை வரி.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஏத்தினதுக்கு அப்புறம், புது பைக்கின் விலை 1 லட்சம் வரைன்னா 10 சதவீதம், அதுக்கு மேலன்னா 12 சதவீதம். அதுக்கு முன்னாடி எல்லாத்துக்கும் 8 சதவீதம்தான். கர்நாடகாவில் 50,000 வரை 10, ஒரு லட்சம் வரை 12, ஒரு லட்சத்துக்கு மேல் 18 சதவீதம். ஆமாம், 18. நம்ம 2 லட்ச ரூபாய் பைக்குக்கு, கணக்கு எளிதா இருக்க ஷோரூம் விலையையே அடிப்படையா வெச்சா, தமிழ்நாட்டில் 24,000, கர்நாடகாவில் 36,000. அதுக்கு மேல செஸ், பதிவுக் கட்டணம்னு சில்லறைகள் தனி. ஓசூரில் தயாரான பைக் 40 கிலோமீட்டர் தள்ளி பெங்களூருக்குப் போய்ப் பதிவானா 12,000 ரூபாய் கூடிடுது.

நம்மில் நிறைய பேர் ஆன்ரோடு விலைக்கே லோன் போடுறோம். அப்போ சாலை வரிக்கும் சேர்த்து வட்டி கட்டுறோம் என்பதை யாரும் சொல்றதில்லை. 36,000 ரூபாயை 12 சதவீத வட்டியில் 3 வருஷத்துக்குப் போட்டா திருப்பிக் கட்டுறது ஏறக்குறைய 43,000. வரிக்கு வட்டி 7,000. முன்பணம் கட்ட உங்ககிட்ட காசு இருந்தா, குறைஞ்சது சாலை வரியையும் இன்சூரன்ஸையும் கையிலிருந்து கட்டிட்டு, வண்டிக்கு மட்டும் லோன் போடுங்க. எந்த ஊரில் வாங்கினாலும் இது பொருந்தும்.

சரி, அப்போ பெங்களூரில் வேலை பார்க்கிற ஒருத்தர் சொந்த ஊரான தர்மபுரியில் வாங்கிப் பதிவு பண்ணி எடுத்துட்டுப் போயிட்டா 12,000 மிச்சம்தானே? இங்கேதான் சட்டம் குறுக்கே நிக்குது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு சொல்றது இதுதான்: நீங்க வசிக்கிற இடம் அல்லது தொழில் செய்ற இடம், வண்டி வழக்கமா நிற்கிற இடம் எந்த மாநிலமோ, அந்த மாநிலத்தில்தான் பதிவு பண்ணணும். 47-ஆம் பிரிவு அடுத்த பூட்டு. ஒரு மாநிலப் பதிவு வண்டி இன்னொரு மாநிலத்தில் 12 மாசத்துக்கு மேல் இருந்தா, அங்கே புது எண் வாங்கியாகணும். புது எண் வாங்கணும்னா அங்கே வாழ்நாள் வரி கட்டணும். 49-ஆம் பிரிவின்படி முகவரி மாறினா 30 நாளுக்குள் தெரிவிக்கணும், அது தனி. இந்த 30 நாளையும் 12 மாசத்தையும் குழப்பிக்கிறவங்க அதிகம்.

கர்நாடகா 2014-ல் சட்டத்தைத் திருத்தி, வெளிமாநில வண்டி 30 நாளுக்கு மேல் இருந்தாலே வாழ்நாள் வரி கட்டணும்னு சொன்னது. ஐடி வேலைக்காகப் போயிருந்த நம்ம பசங்க அப்போ பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. டிஎன் நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே ஓரங்கட்டச் சொன்ன காலம் அது. 2016-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து பண்ணிடுச்சு. ஆகவே இப்போ உங்களுக்கு இருக்கிற அவகாசம் 12 மாசம். ஆனா நீங்க எப்போ உள்ளே வந்தீங்க என்று நிரூபிக்க வேண்டியது நீங்கதான். காருக்காவது ஃபாஸ்டாக் கணக்கு இருக்கு. பைக்குக்கு தேசிய நெடுஞ்சாலையில் டோலே கிடையாது, அதனால ரசீதும் கிடையாது. ரயிலில் பார்சல் போட்டிருந்தா அந்த ரசீது, பேக்கர்ஸ் மூலம் அனுப்பியிருந்தா அந்த பில், புது வீட்டு வாடகை ஒப்பந்தம், இதையெல்லாம் போனில் ஒரு ஃபோல்டர் போட்டு வெச்சுக்குங்க. ரோட்டோரம் நிறுத்திக் கேட்கும்போது வாய்ப்பேச்சைவிட ஒரு ரசீது நல்லா வேலை செய்யும்.

ஓசூரில் குடியிருந்து தினமும் எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் வர்றவங்க கதை வேற. அவங்க வசிப்பது ஓசூர், வண்டி ராத்திரி நிற்பது ஓசூர். டிஎன் 70 பதிவு முழுக்க நியாயமானது. தினமும் எல்லை தாண்டுறதால வண்டி கர்நாடகாவில் "வைக்கப்பட்டது" ஆகிடாது. ஓசூர் முகவரி ஆதாரத்தைக் கையில் வெச்சிருந்தா போதும். 12,000 ரூபாயை முறையா மிச்சப்படுத்துற ஆட்கள் இவங்கதான், அதுவும் வீடு அங்கே இருப்பதால்.

பாண்டிக்கு வருவோம். புதுச்சேரியில் வாழ்நாள் வரி குறைவு என்பது உண்மைதான். பெட்ரோலும் குறைவு, மத்ததைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்லை. சிக்கல் என்னன்னா, பிஒய் நம்பர் வாங்க புதுச்சேரி முகவரி வேணும். சென்னையில் மேன்ஷனில் இருக்கிற உங்களுக்கு அது எங்கிருந்து வரும்? "வாடகை ஒப்பந்தம் நாங்களே ரெடி பண்ணிடுவோம் சார்" என்று ஒருத்தர் சொல்வார். அந்தப் பேப்பரில் கையெழுத்து போடுறது அவர் இல்லை, நீங்க. பொய்யான ஆவணத்தின் பேரில் வாங்கின பதிவை ரத்து செய்ய 55-ஆம் பிரிவில் இடம் இருக்கு. 2017-ல் கேரளாவில் சினிமா பிரபலங்களின் சொகுசு கார்கள் புதுச்சேரி முகவரியில் பதிவானது வெளியே வந்து, போலீஸ் வழக்கு வரைக்கும் போச்சு. லட்சக்கணக்கில் மிச்சம் பிடிக்கப் பார்த்தவங்க, நல்ல வக்கீல் வைக்கவும் அவங்களால முடியும். நீங்க சில ஆயிரத்துக்காக அதே வேலையைச் செய்றீங்க. நாளைக்கு ஒரு விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து, "இந்த முகவரியில் நீங்க எப்போ இருந்தீங்க?" என்று கேட்டா என்ன சொல்வீங்க? முறையான பாண்டிக்காரர் பாண்டியில் வாங்கட்டும். மத்தவங்களுக்கு இது தள்ளுபடியே இல்லை, கடன்.

செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். தனிநபர் தனிநபருக்கு விற்கும் பழைய பைக்குக்கு ஜிஎஸ்டி கிடையாது. பதிவு பெற்ற டீலர்கிட்ட வாங்கினா, அவருடைய லாபத் தொகைக்கு மட்டும் 18 சதவீதம், முழு விலைக்கு இல்லை. அதனால ஜிஎஸ்டியைப் பார்த்து பயப்பட ஒண்ணுமில்லை. பயப்பட வேண்டியது மறுபதிவுக்குத்தான். பெங்களூரில் ஒரு பழைய பைக் கோயம்புத்தூர் விலையைவிட 15,000 குறைவா கிடைக்குதுன்னு வைங்க. அதை இங்கே கொண்டுவந்தா தமிழ்நாட்டில் மறுபடி வாழ்நாள் வரி கட்டணும். வண்டியின் வயசைப் பொறுத்து சதவீதம் குறையும், ஆனா கணக்குப் பார்ப்பது நீங்க கொடுத்த பழைய விலைக்கு இல்லை, வண்டியின் அசல் விலைக்கு. 2 லட்ச ரூபாய் பைக்குக்கு ஒரு பேச்சுக்கு 8 சதவீதம்னு வெச்சாலே 16,000. மலிவு அங்கேயே காலி. இதுக்கு மேல படிவம் 28 போட்டு என்ஓசி, பெயர் மாற்றத்துக்கு 29, 30, புது எண்ணுக்கு 27. பழைய ஓனர் லோனை அடைச்சிருந்தாலும் ஆர்சியில் பேங்க் பெயர் நீக்கப்படலைன்னா 35 தனியா. பெங்களூரு டிராஃபிக் போலீஸ் அபராதம் பாக்கி இருந்தா எல்லாம் அங்கேயே நிக்கும். அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி வண்டி எண்ணைப் போட்டு சலான் பாக்கி இருக்கான்னு பாருங்க, 2 நிமிஷ வேலை.

இன்னொரு விஷயம். வண்டி மாநிலம் மாறினா, முதல் மாநிலத்தில் கட்டின வாழ்நாள் வரியில் மிச்ச காலத்துக்கானதைத் திரும்ப வாங்கலாம். விற்கிறவரும் வாங்குறவரும் அந்தப் பணம் யாருக்குன்னு முன்கூட்டியே பேசி, எழுதி வெச்சுக்குங்க. இதைப் பேசாம விட்டு அப்புறம் சண்டை போட்டவங்க உண்டு.

அந்த ரீஃபண்ட் இருக்கே, அதுதான் எனக்குக் கோபம் வர்ற இடம். கம்பெனி உங்களை பெங்களூரிலிருந்து சென்னைக்கு மாத்துது. நீங்க ஆசைப்பட்டுக் கேட்டது இல்லை, மெயில் வருது, போறீங்க. கர்நாடகாவுக்கு 36,000 முழுசா கட்டியாச்சு, ஓட்டினது 3 வருஷம். இப்போ தமிழ்நாட்டுக்கு முதலில் புது வரியைக் கட்டணும். அப்புறம் இங்கே வாங்கின புது ஆர்சியோட நகலை வெச்சு, பழைய ஆர்டிஓவில் மனு போட்டு, அங்கே கட்டினதைத் திரும்பக் கேக்கணும். ஒரே வண்டிக்கு ஒரே நேரத்தில் ரெண்டு மாநிலத்தில் உங்க பணம் நிக்குது. லீவு போட்டு அலையணும், இல்லன்னா இடைத்தரகருக்குக் கொடுக்கணும். அந்தச் செலவைக் கணக்குப் பார்த்து "போனா போகுது" என்று ரீஃபண்டையே விட்டவங்களை எனக்குத் தெரியும்.

ஜிஎஸ்டியில் இதே பிரச்சினையை எப்படித் தீர்த்தாங்க பாருங்க. பில் பெங்களூரில், ஆள் சேலத்தில் என்றால், பணத்தை எந்த அரசு எடுத்துக்கணும் என்பதை அரசுகளே தங்களுக்குள் தீர்த்துக்குது. வாங்கினவர் ரெண்டு இடத்திலும் கட்டிட்டு ஒரு இடத்தில் திரும்பக் கேக்க வேண்டியதில்லை. வண்டிகளின் விவரம் எல்லாம் வாகன் தளத்தில் நாடு முழுக்க ஒரே இடத்தில் இருக்கு. என்ஓசி கொடுக்கும் அதே நிமிஷத்தில் மிச்ச வரி எவ்வளவுன்னு கணக்குப் போட்டு, அடுத்த மாநிலத்துக்கு மாத்திவிட்டு, வித்தியாசத்தை மட்டும் நம்மகிட்ட கேட்டா போதுமே. மாநிலங்களுக்கு அவங்க சொந்த வரி விகிதம் இருக்கட்டும், அது அவங்க உரிமை. சதவீதத்தைக் குறைக்கச் சொல்லி நான் கேக்கலை. ரெண்டு அரசுக்கு நடுவில் இருக்கிற கணக்கை ஏன் மாசச் சம்பளக்காரன் லீவு போட்டுத் தீர்க்கணும் என்றுதான் கேக்குறேன்.

இதுக்கு ஒன்றிய அரசு கொடுத்த பாதித் தீர்வு 2021-ல் வந்த பிஎச் பதிவு. அரசு ஊழியர்களுக்கும், 4 அல்லது அதுக்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் கம்பெனி ஊழியர்களுக்கும் இது உண்டு. தனியார்ன்னா கம்பெனியிலிருந்து படிவம் 60 வாங்கணும். வரியை 15 வருஷத்துக்கு மொத்தமா கட்டாம 2 வருஷம், 2 வருஷமா கட்டலாம். மாநிலம் மாறினா நம்பர் மாத்த வேண்டாம். அடிக்கடி டிரான்ஸ்ஃபர் ஆகிற ஆளுக்கு இது நல்ல வழி. ஆனா தவணை தேதியை மறந்து 7 நாள் தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் அபராதம். மொத்தமா வர வேண்டிய வரி துண்டு துண்டா வருவதில் மாநிலங்களுக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை, எல்லா இடத்திலும் ஒரே வரவேற்பு கிடையாது. அதனால டீலர் சொல்றதை மட்டும் நம்பாம, புக்கிங் பணம் கட்டும் முன்னாடியே நீங்க பதிவு பண்ணப்போற ஆர்டிஓவில் கேட்டுடுங்க.

பெங்களூரில் வேலை கிடைச்சு இன்னும் ஒரு வருஷம்கூட ஆகலை, அங்கேயே இருப்பீங்களான்னு உங்களுக்கே தெரியலைன்னா, புது பைக்கை இப்போ வாங்காதீங்கன்னுதான் சொல்வேன். ஊரில் அப்பா ஓட்டின பழைய வண்டி இருந்தா அதை ரயிலில் பார்சல் போடுங்க, பெட்ரோலை முழுசா வடிச்சிட்டு, ஆர்சி நகலோட. உங்களுக்கு 12 மாசம் இருக்கு. அதுக்குள்ள வேலை நிலைக்குதா, மேனேஜர் எப்படி, ஊர் ஒத்துக்குதான்னு தெரிஞ்சிடும். நிலைக்கும்னா அங்கேயே வாங்கி, அந்த 18 சதவீதத்தைக் கட்டிட்டு நிம்மதியா ஓட்டுங்க. பார்சல் ரசீதை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க.